சுவிட்சைப் போட்டதும் மின்தொகுப்பில் என்ன நடக்கிறது?

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரை மாதத்து அம்மன் கோவில் திருவிழாவின்போது, பொட்டல் ஓரத்தில் வாடகை ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மின்நிலையங்களையும் வீடுகளையும் கம்பிகளால் ஒன்றாகப் பிணைக்கும் மின்தொகுப்பு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பார்க்கச் சொல்வேன். சீரியல் லைட்டுகள் மட்டும் எரியும்வரை எந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். நாடக மேடையின் பெரிய விளக்குகளையும் ரேடியோ செட்டையும் ஒருசேரப் போட்ட கணத்தில் அந்தச் சத்தம் கனத்து இறங்கும். புகைக்குழாய் ஒரு தடவை கரும்புகையைக் கக்கும். டியூப்லைட்டுகள் சற்றே மங்கும். ஓரிரு விநாடிகளில் எந்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய வேகத்துக்கு ஏறிவிடும். விடியற்காலையில் நாடகம் முடிந்து விளக்குகளை மொத்தமாக அணைக்கும்போது, இதற்கு நேர்மாறாக, எந்திரம் ஒரு கணம் வேகமெடுத்துப் பிறகு அடங்கும். ஜெனரேட்டர்காரர் இதற்கெல்லாம் எழுந்து வருவதில்லை. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டுவதும், கூடினால் குறைப்பதும் எந்திரத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும் கவர்னர் என்னும் சிறு அமைப்பின் வேலை.

நாடு முழுவதற்கும் மின்சாரம் தரும் மின்தொகுப்பிலும் அடிப்படையில் நடப்பது இதுதான். தொடக்கநிலை வாசகர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி, மின்கம்பிகளில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை என்பதாகும். வைகை அணையில் நீரைத் தேக்கி வைத்து வேண்டும்போது திறந்துவிடலாம்; மின்கம்பியில் அப்படி ஒரு தேக்கம் இல்லை. தல்லாகுளத்து வீடொன்றில் இந்த நொடியில் சுழலும் மின்விசிறிக்கான மின்சாரம், இதே நொடியில் எங்கோ ஒரு மின்நிலையத்தில் உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது. எனவே உற்பத்தியும் நுகர்வும் எந்த நொடியிலும் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால், நுகர்பவர் யாரும் முன்கூட்டி அனுமதி கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படியென்றால், தேவை கூடிவிட்டது என்பது மின்நிலையத்துக்கு எப்படித் தெரிகிறது?

எந்திரத்தின் வேகம் குறைவதால்தான் தெரிகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நீராவியின் விசையால் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுழல்கின்றன. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைபாய்கிறது என்று சொல்வதும் இந்தச் சுழற்சியைத்தான். அந்த எண்ணிக்கையே அலைவெண். அதை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிக்கிறார்கள். ஒரே தொகுப்பில் பிணைக்கப்பட்ட எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில்தான் சுழல முடியும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூரிலிருந்து சோலாப்பூருக்குச் செல்லும் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டதிலிருந்து, தென்மாநிலங்களின் தொகுப்பும் வடக்கின் தொகுப்பும் ஒன்றாகிவிட்டன. அன்றுமுதல் தூத்துக்குடியின் டர்பைனும் பஞ்சாபின் டர்பைனும் ஒரே அலைவெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன.

மாசி வீதியில் சித்திரைத் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வடத்தின் நீளத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் இழுக்கிறார்கள். தேர் ஒரு மேட்டில் ஏறும்போது, மேடு வந்துவிட்டது என்று எவரும் அறிவிக்க வேண்டியதில்லை. வடம் கனப்பதை எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உணர்கின்றன. தேரின் வேகம் சற்றுக் குறைகிறது. அவரவர் தம்மால் இயன்ற அளவு கூடுதலாக இழுக்க, தேர் மீண்டும் நகர்கிறது. அலைவெண் என்பது அந்தத் தேரின் வேகம். இந்திய மின்தொகுப்பு விதிகள் அதை 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வைத்திருக்கச் சொல்கின்றன. 50க்குக் கீழே இறங்கினால் நாட்டின் தேவை உற்பத்தியை மிஞ்சிவிட்டது என்றும், மேலே ஏறினால் உற்பத்தி தேவையை மிஞ்சிவிட்டது என்றும் பொருள்.

மாலை ஆறரை மணிக்கு மதுரையில் தெருவிளக்குகளும் கடை விளக்குகளும் எரியத் தொடங்கும்போது, அந்தக் கூடுதல் மின்சாரத்தின் முதல் துளி எந்த அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலிருந்தும் வருவதில்லை. பல நூறு டன் எடையுள்ள டர்பைன்களும் ஜெனரேட்டர்களும் சுழன்றுகொண்டிருக்கும் விசையிலிருந்தே அது வருகிறது. ஓடும் தேர் சட்டென நிற்காதது போல, சுழலும் இரும்புக்கும் ஓர் உந்தம் உண்டு. சுமை கூடியதும் அந்த உந்தத்திலிருந்து சிறிதளவு ஆற்றல் தானாகவே மின்சாரமாக மாறி வெளியேறுகிறது, அதற்கு ஈடாக வேகம் இம்மியளவு குறைகிறது. இதற்கு மனிதரோ கணினியோ தேவையில்லை. ஆனால், இந்தச் சேமிப்பு மிகச் சிறியது. எந்திரத்தின் முழு உற்பத்திக்கு ஈடாகச் சில நொடிகளே தாங்கும். அதற்குள் அடுத்த காவலர் வந்துவிட வேண்டும்.

அந்தக் காவலர்தான் திருவிழா ஜெனரேட்டரில் பார்த்த கவர்னர். வேகம் குறைந்ததைக் கண்டதும் அனல்மின் நிலையத்தில் நீராவி வால்வையும், புனல்மின் நிலையத்தில் நீர்க்கதவையும் அது சற்றுத் திறக்கிறது. பல நூறு எந்திரங்கள் தத்தம் பங்குக்குச் சிறிது கூட்டுவதால், எந்த ஓர் எந்திரத்தின் மீதும் பெருஞ்சுமை விழுவதில்லை. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலை ஒன்று திடீரென நின்றுபோனாலும், அலைவெண் ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்து நின்றுவிடுவது இந்தக் கூட்டு முயற்சியால்தான். கவர்னர்களின் வேலை வேகம் மேலும் சரியாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே. பழைய 50க்கு அவை முழுமையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அதற்கு, மையக் கணினியிலிருந்து சில நொடிகளுக்கு ஒருமுறை குறிப்பிட்ட நிலையங்களுக்குக் கூட்டு, குறை என்று கட்டளை போகிறது. இதற்கென்றே சில எந்திரங்களை முழுத்திறனில் ஓட்டாமல் கொஞ்சம் கைவசம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டளைகள் சில நிமிடங்களில் வேலையை முடிக்கின்றன. பிறகு மனிதர் முடிவெடுக்கும் கட்டம்: எந்த நிலையத்தைக் கூட்டுவது, எங்கிருந்து வாங்குவது என்று கால் மணி நேரக் கணக்கில் மின்சுமைப் பகிர்வு மையங்கள் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டுக்கான மையம் சென்னையிலும், தென்மண்டலத்துக்கானது பெங்களூருவிலும், நாடு முழுவதற்குமானது டெல்லியிலும் உள்ளன.

இத்தனை காவலர்களைப் பற்றிப் படிக்கும்போது, மின்தொகுப்பு நாளெல்லாம் பதறிப் பதறிச் சமாளிக்கிறது என்ற எண்ணம் வரலாம். உண்மை அதற்கு மாறானது. பெரும்பகுதி வேலை முந்தைய நாளே முடிந்துவிடுகிறது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று கணித்து, எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். ஒரு தனி வீடு எப்போது மிக்ஸியைப் போடும் என்பதை எவராலும் கணிக்க முடியாது. பல லட்சம் வீடுகள் சேர்ந்து காலை ஏழு மணிக்கு எவ்வளவு இழுக்கும் என்பதை வியப்பூட்டும் துல்லியத்துடன் கணிக்கலாம். நேற்றைய அளவு, போன வாரத்தின் இதே கிழமை, வெயிலின் அளவு, விடுமுறை, திருவிழா ஆகியவை அந்தக் கணக்கில் சேரும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்தை எட்டியது. அக்கினி வெயிலை ஒட்டிய நாட்களில் அப்படி ஏறும் என்பது எதிர்பாராதது அல்ல. கணிப்பாளருக்கு உண்மையில் தலைவலி தருவது கோடைமழைதான். நான்கு மணிக்குக் கறுத்துவரும் மேகம் ஐந்து மணிக்குக் கொட்டித் தீர்த்தால், ஏ.சி.கள் நிற்கும், காற்றுக்கு மரக்கிளை ஒடிந்து, துணைமின் நிலையத்திலிருந்து ஊர்ப்பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் பாதைகளும் நின்றுபோகும். போட்டுவைத்த அட்டவணையைவிடத் தேவை மளமளவென்று கீழே போய்விடும். தேவை குறைவதும் கூடுவதைப் போலவே சிக்கல்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எல்லா மின்நிலையங்களும் ஒரே வேகத்தில் ஏறி இறங்கக்கூடியவை அல்ல. அணுமின் நிலையம் ஒரே அளவில் நின்று ஓடவே விரும்பும். அனல்மின் நிலையத்தின் கொதிகலன் கனமானது. நிமிடத்துக்குத் தன் திறனில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற கணக்கில் மெதுவாகத்தான் ஏறும், முழுவதும் ஆறிப்போன நிலையிலிருந்து கிளப்பப் பல மணி நேரம் பிடிக்கும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கி ஓட்டுவதும் கடினம். 55 சதவீதத்தைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறார்கள். சமயநல்லூரில் ஒரு காலத்தில் எண்ணெயில் ஓடிய 106 மெகாவாட் நிலையம் போன்றவை விரைவில் கிளம்பும். ஆனால், எரிபொருள் விலை கையைக் கடிக்கும்.

விரைவும் மலிவும் ஒன்றாக அமைந்தது புனல்மின்சாரம். கதவைத் திறந்தால் நீர் பாயும், சில நிமிடங்களில் முழு உற்பத்தி. மதுரைக்காரர்கள் உடனே லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தை நினைப்பார்கள். முல்லைப் பெரியாறு நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, அங்குள்ள நான்கு எந்திரங்களைச் சுழற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வைகை அணைக்கு வருகிறது. ஆனால், அந்த நிலையத்தை மின்தொகுப்பு தன் விருப்பப்படி ஆட்டிப்படைக்க முடியாது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறதோ, அதற்குத் தக்கபடியே அங்கு மின் உற்பத்தி அமையும். மாலை ஏழு மணிக்கு மதுரைக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும் என்பதற்காகக் கம்பத்து வயலுக்கு வேண்டாத நீரைத் திறந்துவிட முடியாதல்லவா?

அதனால்தான் கோவை மாவட்டத்துக் காடம்பாறை நிலையம் சிறப்புப் பெறுகிறது. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய அந்த 400 மெகாவாட் நிலையத்தில் மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தேவை உச்சத்தில் இருக்கும்போது மேலணையின் நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும்போது அதே எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, மோட்டாராக மாற்றி, நீரை மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றச் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது நட்டமாகத் தோன்றலாம். வேண்டாத நேரத்து நூறு யூனிட்டைக் கொடுத்து வேண்டிய நேரத்து எழுபத்தைந்து யூனிட்டை வாங்குவது மின்தொகுப்பைப் பொறுத்தவரை நல்ல வியாபாரமே.

புனல்மின்சாரத்தின் சுறுசுறுப்பை நாடே ஒரு முறை பார்த்தது. 2020 ஏப்ரல் 5 அன்று இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு குறையும் என்று சரியாகத் தெரியாத நிலையில், புனல்மின் நிலையங்களின் உற்பத்தியை முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். விளக்குகள் அணைய அணைய, 31,000 மெகாவாட்டுக்கும் மேலாகத் தேவை சரிந்தது. எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான அந்தச் சரிவில் சுமார் 17,500 மெகாவாட்டைப் புனல்மின் நிலையங்களே இறங்கி ஈடுகட்டின. விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கியதும் அவையே ஏறின. அந்த நேரம் முழுவதும் அலைவெண் 49.70க்கும் 50.26க்கும் இடையில் நின்றது.

இப்போது மின்தொகுப்புக்கு அன்றாடம் வரும் பெரிய மேடு அந்தி நேரம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும், தென்மாவட்டங்கள் நெடுகிலும் அதன் பின் வந்த பலவும் நண்பகலில் கொட்டிக் கொடுக்கின்றன. அந்த நேரத்தில் அனல்மின் நிலையங்களை எவ்வளவு குறைக்கலாம் என்பதே கவலை. நான்கு மணிக்குமேல் சூரியன் சாயச் சாய அந்த உற்பத்தி வடிந்து, ஆறரைக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் போகிறது. அதே வேளையில்தான் வீடு திரும்புவோர் விளக்கையும் விசிறியையும் போடுகிறார்கள், பரோட்டாக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் விளக்குகள் பளபளக்கின்றன. ஒருபுறம் உற்பத்தி இறங்க, மறுபுறம் தேவை ஏற, இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மற்ற நிலையங்கள் நிரப்ப வேண்டியிருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை கணவாய்க் காற்று கைகொடுக்கும். ஆரல்வாய்மொழியிலும் தேனிப் பக்கத்திலும் காற்றாலைகள் இரவிலும் சுழலும். பங்குனி, சித்திரையில் அந்த உதவியும் பெரிதாக இராது. போதாக்குறைக்கு, சூரியத் தகடுகளில் சுழலும் இரும்பு எதுவும் இல்லாததால், முதல் நொடிகளில் தாங்கிப்பிடிக்கும் உந்தமும் அவற்றிடம் இல்லை. பெரிய பேட்டரிகளைப் பற்றி இப்போது இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்: பகலில் மிஞ்சுவதை வாங்கி வைத்து அந்தியில் தருவதோடு, ஒரு நொடிக்குள் உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் அவற்றால் முடியும்.

எல்லாக் காவலர்களும் தோற்றால் என்ன ஆகும்? அலைவெண் 49.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், துணைமின் நிலையங்களில் பொருத்தியுள்ள ரிலேக்கள் என்னும் தானியங்கிக் கருவிகள் யாரையும் கேட்காமல் சில ஃபீடர்களைத் துண்டிக்கத் தொடங்கும். மேலும் இறங்கினால் மேலும் சில. சில ஊர்களை இருட்டில் விட்டு மொத்தத் தொகுப்பையும் காப்பாற்றும் கடைசி உபாயம் அது. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வடக்கில் அந்த உபாயமும் கைகொடுக்காமல், இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் அனைத்தும் இருண்டு, அறுபது கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. தென்மண்டலம் அப்போது தனித்தாளத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் நாம் தப்பினோம். அதே தனிமைதான் அந்த ஆண்டுகளில் வடக்கில் மின்சாரம் கிடைத்தாலும் போதுமான அளவில் இங்கே கொண்டுவர முடியாமல் செய்தது. மதுரையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் கழித்தவர்கள், மெழுகுவத்தியில் பாடம் படித்த பிள்ளைகள், இன்னும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் தெருவில் கரண்ட் போவதில் பெரும்பாலானவற்றுக்கும் அலைவெண்ணுக்கும் தொடர்பே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது மாதாந்திரப் பராமரிப்பாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு விசிறி மெல்லச் சுற்றுவதும் அப்படித்தான். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடுகள் அளவுக்குமேல் சேர்ந்து மின்னழுத்தம் குறைந்ததன் விளைவு அது. அலைவெண் என்பது காசிக்கும் காரைக்குடிக்கும் ஒன்று. மின்னழுத்தம் தெருவுக்குத் தெரு வேறுபடும்.

கரண்ட் திரும்பி வரும் தருணமும் கவனிக்கத்தக்கது. அரை மணி நேரம் நின்றுபோன தெருவில் எல்லா ஃபிரிட்ஜும், எல்லா ஏ.சி.யும், எல்லாத் தண்ணீர் மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால்தான் பெரிய மின்தடைக்குப் பின் ஃபீடர்களை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்கிறார்கள். கிராமங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரத்தைப் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஊருக்கு ஊர் முறைவைத்துக் கொடுத்த காலத்தில், உசிலம்பட்டிப் பக்கத்தில் என் மாமா இரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டும் கையில் கம்புமாக வரப்பில் நடந்து மோட்டார் போடப் போவார். பாம்புக்குப் பயந்தே பலரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார்கள். மும்முனை வந்த நொடியில் அந்த ஃபீடரின் மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாக உறுமிக் கிளம்பும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்கினால் அன்றைக்குத் தண்ணீர், தாங்காவிட்டால் ஆளனுப்ப வேண்டியதுதான்.

அந்த இரவு ஷிப்டுக்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் தூங்கும் நேரத்தில் அனல்மின் நிலையங்களை நிறுத்தவும் முடியாது, குறைக்கவும் ஓர் எல்லை உண்டு என்பதால், ஆள் தேடிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குக் கிணற்று மோட்டார்கள் வேலை கொடுத்தன. ஆலைகளுக்கும் இதே எண்ணத்தில்தான் காலை, மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணமும் இரவு பத்து மணிக்குமேல் சலுகையும் நெடுங்காலமாக நடப்பில் இருந்தன. இப்போது ஆள் தேடும் மின்சாரம் நண்பகலுக்கு இடம் மாறிவிட்டது. 2023இல் மத்திய அரசு திருத்திய விதிகளும் சூரிய ஒளி நேரத்துக் கட்டணத்தைக் குறைத்து வைக்கச் சொல்கின்றன. இரவுச் சலுகை காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது என்பதே என் கருத்து. கிணற்று மோட்டார்களைப் பொறுத்தவரை, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை ஓட்டினால் கமுதியின் உற்பத்தி வீணாகாது, காடம்பாறையின் நீரும் அந்திக்கு மிஞ்சும். என் மாமா கேட்டுக்கொண்டிருந்ததும் அதே பகல் ஷிப்டைத்தான்.